ஒரு புல்லுருவி விதையின் வழி

முள்ளிப்பட்டு ஆரணியை ஒட்டிய நெசவு ஊர். பட்டுப் பாவை நீட்டிக் கட்டி இழை பிரிக்க நீண்ட நிழல் வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து நெசவுத் தெருக்களில் வேம்புக்கும் புங்குக்கும் எப்போதும் மதிப்பு உண்டு. அப்படி ஒரு புங்கமரம், பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிருக்குக் காத்து நிற்கிறது. அதன் நடுக்கிளையில் மட்டும் ஒரு பச்சைக் கொத்து. இலை தடித்து மங்கிய பச்சையாக இருக்கிறது. புங்கின் பளபளப்பு அதில் இல்லை. அந்தக் கொத்து புங்கு அல்ல, புல்லுருவி. அதன் காம்புகளில் சிறுசிறு பழங்கள் சிவந்து பழுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கிண்ண விளிம்பு போன்ற ஒரு சின்ன வளையம் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு விதை. அவற்றில் ஒரு விதையின் பின்னால் போவோம்.

அதை எடுத்துப் போக வருவது டிக்கெல் பூக்கொத்தி. அலகிலிருந்து வால் நுனிவரை அளந்தாலும் 8 சென்டிமீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. மங்கிய பழுப்பு உடல், வெளிறிய அலகு. அழகு காட்டி நம் கண்ணை இழுக்காது. உச்சிக்கிளையில் ‘சிக் சிக்’ என்று விடாமல் குரல் கொடுத்துத் தாவிக்கொண்டே இருக்கும். ஊரில் பலரும் இதைத் தேன்சிட்டோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் தேன்சிட்டுக்குத் தேன்தான் வாழ்வு; பூக்கொத்திக்குப் புல்லுருவிப் பழம்தான் வாழ்வு. பழத்தை முழுதாக விழுங்கும், அல்லது அலகால் நசுக்கித் தோலை விட்டுவிட்டு உள்ளிருப்பதை விழுங்கும். பூக்கொத்திகளின் வயிற்று அமைப்பே இதற்கென்று ஆனது. அரைக்கும் இரைப்பை உணவுப்பாதைக்குப் பக்கத்தில் ஒரு பையாகத் தொங்குகிறது. பூச்சி தின்றால் அந்தப் பைக்குள் போய் அரைபடும். பழம் தின்றால் பையை எட்டாமல் நேராகக் குடலுக்குப் போய்விடும். ஆகவே விதைக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுகிறது.

வெளியே வரும்போது அது தானாக உதிர்வதில்லை. விதையைச் சுற்றி ஒரு பசை இருக்கிறது. தாவரவியலில் அதற்கு விஸ்கின் என்று பெயர். பசை நூலாக இழுபட்டுத் தொங்கும். பறவைக்கு அது தொல்லை. கிளையில் குறுக்கே உட்கார்ந்து பின்புறத்தைத் தேய்த்து ஒட்டவைத்துவிட்டுத்தான் பறக்கும்.

இந்தப் பசையின் கதையைப் பட்டு நெய்யும் ஊரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 2022-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தையும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஐரோப்பியப் புல்லுருவியின் பசையை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே பழத்தின் பசையைப் பதமாக இழுத்தால் இரண்டு மீட்டர் வரை நூல் வருகிறது. அந்த நூலின் உடல் செல்லுலோஸ், அதாவது பருத்தியின் சரக்கு. நுண்ணிய செல்லுலோஸ் இழைகள் ஈரம் ஏற்கும் ஒரு பிசினுக்குள் வரிசையாகக் கிடக்கின்றன. ஈரமாக இருக்கும்போது இழுபடும்; காய்ந்தால் விறைத்துப் பிடித்துக்கொள்ளும்; மறுபடி ஈரம் பட்டால் மறுபடி இளகும். தோலிலும் கண்ணாடியிலும் உலோகத்திலும் ஒட்டுகிறது. பட்டும் இப்படி ஓர் இழையும் ஒரு பிசினும் சேர்ந்த பொருள்தான். ஆனால் அங்கே இரண்டும் புரதம். சாயம் போடுமுன் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பட்டின் பிசினை எடுத்துவிடுகிறார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு அதோடு போய்விடும். பட்டுப்புழு பிசினால் கூடு கட்டியது, நெசவாளி அதைக் கழுவி இழையை எடுத்துக்கொள்கிறார். புல்லுருவிக்கோ பிசின்தான் முதல் தேவை. அது போனால் மழைக்காலத்துத் தெருநீரோடு விதையும் போய்விடும்.

பறவை எங்கே தேய்க்கும் என்பது விதையின் கையில் இல்லை. மின்கம்பியிலும் தேய்க்கும், சுவரோரத்திலும் தேய்க்கும். கம்பியில் ஒட்டிய விதையும் முளைக்கும் என்பதுதான் வியப்பு. இதற்கு மண் வேண்டாம், நீர் ஊற்ற வேண்டாம். விதையுறை என்று மற்ற விதைகளுக்கு இருக்கும் ஓடு இதற்குக் கிடையாது. பச்சையம் உள்ளேயே இருக்கிறது. வெயிலில் கிடந்தபடி தன் உணவில் ஒரு பங்கைத் தானே செய்துகொள்ளும். ஆனால் கம்பியில் முளைத்தது கையிருப்புத் தீர்ந்ததும் காய்ந்துபோகும். நாம் பின்தொடரும் விதைக்கு அந்தக் கதி நேரவில்லை. அது விழுந்தது விரல் தடிமனுள்ள ஒரு புங்கங்கிளையில். ரொம்ப முற்றிய கிளையின் பட்டையைத் துளைப்பது முளைக்குக் கடினம், இளங்கிளையே வசதி.

முளையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு தண்டு நீள்கிறது. வழக்கமான வேர் பூமியின் ஈர்ப்பைப் பார்த்து இறங்கும். இது வெளிச்சத்திலிருந்து விலகி வளைகிறது. கிளையின் மேற்பக்கம் ஒட்டினாலும் அடிப்பக்கம் ஒட்டினாலும் இருட்டு இருப்பது பட்டையின் பக்கம்தான் என்பதால் அது தவறாமல் பட்டையைத் தொடும். தொட்ட நுனி தட்டையாக விரிந்து வட்டாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வட்டின் நடுவிலிருந்து ஓர் உறிஞ்சுறுப்பு பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்களைச் சென்று சேரும். அங்கிருந்து நீரும் உப்பும் வரத் தொடங்கிவிட்டால் இலை விடும். சர்க்கரையை அது தானே தயாரிக்கிறது. ஆகவே இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். நீரைத் தன் பக்கம் இழுக்க, புரவலன் மரத்தைவிட அதிகமாகத் தன் இலைகள் வழியே ஆவியாக்கும். கோடையில் புல்லுருவி தழைத்தும் மாட்டிக்கொண்ட கிளையின் நுனி வாடியும் தெரிவது இதனால்தான். நம் ஊர்ப் புல்லுருவிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். பட்டையின் மேலேயே ஓடும் வேர்களை விட்டு, போகும் வழியெல்லாம் புதிய உறிஞ்சுறுப்புகளை இறக்கும். ஒரு விதை விழுந்த கிளை சில ஆண்டுகளில் நெடுக ஒட்டுப்போட்டதுபோல் ஆவது இப்படித்தான்.

இனி இதற்குப் பெயர் வைக்க வேண்டும். இங்கேதான் இதன் இரண்டாவது பயணம் தொடங்குகிறது.

நாட்டு மருத்துவத்தில் புல்லுருவியை அது நிற்கும் மரத்தின் பெயரால் அழைப்பார்கள். வேம்புப் புல்லுருவி, புளியம் புல்லுருவி, மாம்புல்லுருவி. ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு என்று நம்புவார்கள். தாவரவியலாளரிடம் கேட்டால் இவை பெரும்பாலும் ஒரே இனம் என்பார்: டென்ட்ராப்தோ ஃபால்காட்டா. முந்நூறுக்கும் மேற்பட்ட வகை மரங்கள்மேல் இது பதிவாகியிருக்கிறது. அப்படியானால் மருத்துவர் சொல்வது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. 1961-இல் வெளியான ஓர் ஆய்வு, அரளிச்செடிமேல் வளர்ந்த இதே புல்லுருவிக்குள் இதயத்தைத் தாக்கும் அரளி வகை நச்சுப்பொருள்கள் இருந்ததைக் காட்டியது. மரத்தின் சாற்றோடு மரத்தின் குணமும் ஏறுகிறது. மருந்துக்கு எடுக்கும்போது எந்த மரத்தில் எடுத்தோம் என்பது உயிரைக் காக்கும் தகவல். ஆனால் யாருக்கு யார் உறவு என்று கேட்டால் அந்தத் தகவல் வழிகாட்டாது. புங்கில் இருக்கும் செடியின் விதையே வேம்புக்கும் போகிறது. நம் விதையின் தாய் நிற்பது புங்கில்; அந்தத் தாயைப் பெற்ற செடி எந்த மரத்தில் நின்றதோ யார் கண்டார்?

ஐரோப்பியரின் ஏட்டில் தென்னிந்தியப் புல்லுருவி ஏறியது பதினேழாம் நூற்றாண்டில். கொச்சியின் டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலில் இத்திக்கண்ணி என்ற மலையாளப் பெயரோடு புல்லுருவி இடம் பெற்றது. அடுத்த நூற்றாண்டில் பயணம் நம் பக்கம் வருகிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1774-இல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஆற்காடு ஆரணிக்கு நேர் வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் ஊர். கோனிக் உலர்த்தி அனுப்பிய தென்னிந்தியச் செடிகள் ஏராளமாக ஸ்வீடன் சென்றன. லின்னேயஸ் இறந்தபின் அவர் மகன் தந்தையின் பட்டியலுக்கு ஒரு பிற்சேர்க்கை எழுதினார். 1782-இல் வெளிவந்த அந்த நூலில்தான் நம் செடி லொராந்தஸ் ஃபால்காட்டஸ் என்று பெயர் பெற்றது. அரிவாள்போல் வளைந்த இலையைப் பார்த்து வைத்த பெயர்.

இலையை நம்பியதால் வந்த தொல்லைகள் ஒன்றிரண்டல்ல. இந்தச் செடியின் இலை ஒரே கொத்தில் குறுகியும் அகன்றும், நேராகவும் வளைந்தும் இருக்கும். மரம் மாறினால் தடிமனும் மாறும். ஒவ்வொரு உலர்மாதிரியைப் பார்த்தவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். 1792-இல் பாரிசில் லாமார்க்கின் கலைக்களஞ்சியத்தில் தெரூசோ என்பவர் இதே செடியை லொராந்தஸ் லாஞ்சிஃபுளோரஸ் என்றார். சென்னை முதல் இமயம் வரை ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டு பயன்படுத்தியது இந்தப் பெயரைத்தான். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூலின் ஐந்தாம் தொகுதியிலும் (1886) அதுவே. இதற்கிடையில் 1830-இல் மார்ட்டியஸ் என்பவர் டென்ட்ராப்தோ என்ற பேரினத்தைப் பிரித்தார். 1872-இல் வியன்னாவில் எட்டிங்ஸ்ஹௌசன் ஃபால்காட்டாவை அதற்குள் சேர்த்து இன்றைய பெயரை எழுதினார். இவர் புதைபடிவ ஆராய்ச்சியாளர். கல்லில் பதிந்த இலைகளை அடையாளம் காணுவதற்காக உயிருள்ள புல்லுருவிகளின் இலை நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்று எல்லோரும் எழுதும் பெயர், கல்லிலைகளைத் தேடிய ஒருவரின் கட்டுரையில் பிறந்தது. அதை இந்தியாவில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

மரங்களின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர் சி. இ. சி. ஃபிஷர். சென்னை மாகாண வனத்துறையில் வேலை செய்து, பிறகு லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போனவர். 1926-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஏட்டில் ‘தென்னிந்திய லொராந்தேசியும் அவற்றின் புரவலன் தாவரங்களும்’ என்ற நீண்ட பட்டியலை வெளியிட்டார். எந்தப் புல்லுருவி எந்த மரத்தில் என்று வரிவரியாக. ஒரே மரத்தைப் பிடித்து நிற்பவை எவை, கிடைத்ததில் எல்லாம் ஏறுபவை எவை என்று தென்னிந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்க்க அந்தப் பட்டியல் வழி செய்தது. இப்படி ஒரு வேலையில் பெருமை குறைவு, உழைப்பு அதிகம். ஆகவே அதைச் செய்தவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

விதை வளர்ந்து செடியாகிப் பூக்கும் காலம் வந்துவிட்டது. பூக்கள் கொத்துக்கொத்தாக வரும். ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த, லேசாக வளைந்த குழல். ஆரஞ்சும் சிவப்பும் வெண்மையும் கலந்த நிறம், நுனியில் பச்சை. ஐந்து இதழ்கள் அடியில் ஒட்டி, மேலே பிரிந்து பின்னுக்கு மடியும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகக் கிழிந்திருக்கும். முற்றிய மொட்டுக்குப் பறவையின் அலகு தேவை. நுனியை அழுத்தியதும் திறந்துகொள்ளும். 1931-இல் பறவையியலாளர் சாலிம் அலி, கொங்கணத்தில் கண்டவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் எழுதினார். தேன்சிட்டுகள் இதன் மகரந்தத்தைக் கடத்துகின்றன, பூக்கொத்திகள் விதையைக் கடத்துகின்றன என்று வேலைப்பிரிவை அவர் விளக்கினார். அந்தக் கட்டுரையிலும் செடியின் பெயர் லொராந்தஸ் லாஞ்சிஃபுளோரஸ்தான். அரை நூற்றாண்டு கழித்து, பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரியா தேவிதார், நீலகிரியின் புல்லுருவிகளில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். அங்கே சில இனங்களில் விதை பரப்பும் பூக்கொத்தியே மகரந்தத்தையும் கடத்துகிறது. அந்த இனங்களின் முற்றிய மொட்டு, பழுத்த பழத்தைப் போலவே தோன்றுகிறது. பழம் தேடி வரும் பறவையை மொட்டும் அழைத்துக்கொள்கிறது. 1983-இல் வந்த கட்டுரை அது. ஒரே பறவையிடம் இரண்டு வேலை வாங்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தோன்றவில்லை.

இதே பூதான் வகைப்பாட்டையும் நேர்செய்தது. ஜாவாவின் போகோர் தோட்டத்தில் வேலை செய்த டச்சுக்காரர் டான்சர் 1931 முதல் 1933 வரை வெளியிட்ட நூல்களில், லொராந்தஸ் என்ற ஒரே சாக்கில் போட்டிருந்த நூற்றுக்கணக்கான வெப்பமண்டல இனங்களைப் பூவின் கட்டமைப்பைப் பார்த்துப் பிரித்தார். இதழ் நான்கா, ஐந்தா, ஆறா? ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா? பூவுக்குக் கீழே செதில் ஒன்றா, அதற்கு மேலா? நம் தெருவில் நிற்பவர்கூட இதைச் சரிபார்க்கலாம். இதழ் ஐந்தும் அடியில் ஒட்டி ஒரு பக்கம் கிழிந்திருந்தால் டென்ட்ராப்தோ. தனித்தனி இதழானால் ஹெலிக்சாந்தெரா. ஆறு இதழானால் மேக்ரோசோலன். ரோமம் மூடிய நான்கு இதழ்ப் பூவானால் ஸ்கரூலா அல்லது டாக்ஸில்லஸ் பக்கம் தேட வேண்டும். லொராந்தஸ் என்ற பெயர் இன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் ஒரு சில இனங்களுக்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பூவுக்குள் நடப்பது அதைவிட விசித்திரம். சூல்பையைத் திறந்தால் சூல் என்று தனியாக ஒன்றும் இருக்காது. அடியில் உள்ள திசுவிலிருந்தே பல கருப்பைகள் ஒரே நேரத்தில் கிளம்பி, சூல்தண்டின் வழியே மேலே ஏறுகின்றன. மற்ற பூக்களில் மகரந்தக் குழல் கீழே இறங்கிவந்து கருப்பையைத் தேடும்; இங்கே கருப்பையே பாதி வழி போய் எதிர்கொள்கிறது. கருவுற்றபின் இளங்கருக்கள் நீண்ட காம்பால் மறுபடி கீழே தள்ளப்படுகின்றன. பல கருப்பைகளின் ஊட்டத்திசு ஒன்றாகக் கலந்துவிடும். அந்தப் பொதுச்சோற்றில் கடைசியில் ஒரே ஒரு கரு முழுதாக வளர்கிறது. நாம் பின்தொடர்ந்த விதை அப்படி ஒரு பந்தயத்தில் மிஞ்சியது.

இதையெல்லாம் சீவித் துண்டாக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பி. மகேஸ்வரியும் அவர் மாணவர் வழியினரும். மகேஸ்வரி, ஜோஹ்ரி, தீட்சித் மூவரும் எழுதிய தொகுப்புக் கட்டுரை 1957-இல் சென்னைப் பல்கலைக்கழக ஏட்டில் வெளியானது. அதுவரை புல்லுருவிகள் எல்லாம் ஒரே குடும்பம், உள்ளே இரண்டு துணைக்குடும்பங்கள் என்பதே வழக்கம். ஒன்று நம் செடி வகை. பெரிய வண்ணப்பூ, பறவைக்கு அழைப்பு. மற்றொன்று விஸ்கம் வகை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருபால் பூக்கள். கருப்பை ஏறும் விந்தை முதல் வகையில் மட்டும்தான். மகரந்தத்தின் வடிவம் வேறு. பசை அடுக்குகூட முதல் வகையில் பழத்தின் குழாய்க்கற்றைகளுக்கு வெளியே, இரண்டாம் வகையில் உள்ளே. இத்தனை வேறுபாடு இருக்க இவை ஒரே குடும்பமாக இருக்க முடியாது என்று 1962-இல் தீட்சித் வாதிட்டார். பிரிந்தன: லொராந்தேசி, விஸ்கேசி. இந்தப் பிரிவை உலகம் ஏற்றதில் இந்தியக் கருவியலாளர்களின் பங்கு பெரியது. அது நம் பாடநூல்களில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படாதது எனக்கு வருத்தம்.

மரபணு ஆய்வு வந்தபின் பிரிவு இன்னும் ஆழமானது. மரத்தில் ஏறி ஒட்டி வாழும் பழக்கம் இந்தக் குடும்பங்கள் அடங்கிய பெரிய வரிசைக்குள் ஒரு முறை தோன்றிப் பரவியதல்ல. ஐந்து தடவை தனித்தனியாகத் தோன்றியது என்று 2008-இல் விடால்-ரஸலும் நிக்ரெண்டும் காட்டினார்கள். லொராந்தேசியின் பழைய கிளைகளில் மூன்று செடிகள் இன்றும் தரையில் நின்று மற்ற செடிகளின் வேரில் ஒட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் மேற்கில் மரமாகவே நிற்கும் நூய்ட்சியா, கிழக்கே அட்கின்சோனியா, மத்திய, தென் அமெரிக்க மலைகளில் கையாடென்ட்ரான். நம் தெருப் புல்லுருவியின் முன்னோரும் மண்ணில் வேர்விட்டு, அடுத்த செடியின் வேரைத் தொட்டுப் பழகியவர்கள்தான்.

வேரில் ஒட்டி வாழும் ஒரு மரம் ஆரணிக்கு மேற்கே, கமண்டல நாகநதி பிறக்கும் ஜவ்வாது மலையில் பேர்போனது: சந்தனம். தன் வேரால் பக்கத்து மரங்களின் வேரை உறிஞ்சித்தான் சந்தனம் வளர்கிறது. சந்தனமும் புல்லுருவியும் சாந்தலேல்ஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இங்கே உறவுமுறை எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. இலையில்லாத, கணுக்கணுவாகத் தட்டைத் தண்டு தொங்கும் ஒரு விஸ்கம் இனம் தென்னாட்டுக் காடுகளில் உண்டு. அது பெரும்பாலும் ஏறி நிற்பது வேறொரு புல்லுருவியின்மேல். மரத்தின்மேல் டென்ட்ராப்தோ, டென்ட்ராப்தோவின்மேல் விஸ்கம். ஒன்றின்மேல் ஒன்றாக வாழும் இவ்விரண்டும் நெருங்கிய உறவு அல்ல. விஸ்கத்துக்கு நெருக்கமானது தன்னைச் சுமக்கும் புல்லுருவி அல்ல, சந்தனம்.

இதனால் 2009-இல் வந்த, பூக்கும் தாவரங்களின் உலகளாவிய வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, விஸ்கத்தைச் சந்தனக் குடும்பமான சாந்தலேசிக்குள்ளேயே போட்டது. அடுத்த ஆண்டே நிக்ரெண்டும் கூட்டாளிகளும் அதைப் பிரித்து, விஸ்கேசி தனிக் குடும்பமாகவே இருக்கட்டும், சாந்தலேசியைப் பல சிறு குடும்பங்களாக்குவோம் என்றார்கள். 2016-இல் வந்த உலகளாவிய வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு பழையபடி பெரிய சாந்தலேசியையே வைத்துக்கொண்டது. இரண்டு கணக்கிலும் புங்கமரத்தில் நிற்கும் டென்ட்ராப்தோ லொராந்தேசியிலேயே இருக்கிறது. விஸ்கத்தின் குடும்பப் பெயர் மட்டும் இன்றும் நூலுக்கு நூல் மாறுகிறது.